முன்பாரமா, பின்பாரமா?

மாணவர்களே, புக்கிட் பாஞ்சாங்கில் வசிப்பவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகப் பழக்கம். காலையில் புளோக்குகளுக்கு இடையே உள்ள புல்வெளியில் இயந்திரங்கள் உறுமத் தொடங்கும். வெட்டிய புல்லின் வாசம் மேல்மாடி வரை வரும். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் புல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வெட்டும் வேலையும் ஓய்வதில்லை. சிறிய இடங்களில் ஊழியர்கள் தோளில் மாட்டிய கருவியால் வெட்டுவார்கள். பெரிய புல்வெளி என்றால், மேலே அமர்ந்து ஓட்டும் சின்ன டிராக்டர் போன்ற இயந்திரம் வரும்.

அந்த இயந்திரம் தானாகச் சாலையில் ஓடி வருவதில்லை. லாரியின் மேலோ, வண்டிக்குப் பின்னால் மாட்டிய சிறு டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுவருகிறார்கள். ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில், வேலை முடிந்து அதை டிரெய்லரில் ஏற்றுவதை நின்று பார்த்தேன். இளைஞர் ஒருவர் இயந்திரத்தை ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினார். கீழே நின்ற மூத்த ஊழியர் டிரெய்லரை ஒருமுறை பார்த்துவிட்டு, “தம்பி, இன்னும் ஒரு அடி முன்னால ஏத்து. பின்பாரமா இருக்கு,” என்றார்.

“எப்படிண்ணே பார்த்ததுமே சொல்லிட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஊர்ல எங்க வீட்டுல மாட்டு வண்டி இருந்துச்சு சார். பின்பாரம் ஏறுனா நுகத்தடி தூக்கும், மாடு இழுக்காது. இதுவும் அதே கதைதான்,” என்றார் அவர்.

அவர் சொன்னது இயற்பியல். உங்கள் பாடப்புத்தகத்தில் ‘மொமென்ட்’ என்று நீங்கள் படிக்கும் அதே பாடம். தமிழில் அதைத் திருப்புத்திறன் என்கிறோம். ஒரு பாரத்தை ஏற்றும்போது ‘எவ்வளவு எடை?’ என்ற கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். ‘அந்த எடை எங்கே இருக்கிறது?’ என்ற கேள்விதான் உயிர் காக்கும். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

மாட்டு வண்டியும் டிரெய்லரும்

மாட்டு வண்டிக்கு இரண்டு சக்கரங்கள், நடுவே ஓர் அச்சு. முன்னால் நீளும் ஏர்க்கால் நுகத்தடியில் சேர்கிறது. நுகத்தடி மாடுகளின் கழுத்தில் இருக்கிறது. சிறு டிரெய்லரும் அப்படித்தான். இரண்டு சக்கரங்கள், ஓர் அச்சு, முன்னால் நீளும் இரும்புத் தண்டு. தண்டின் முனை, இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள குமிழில் மாட்டப்படுகிறது. மாடு இருந்த இடத்தில் இப்போது வண்டி இருக்கிறது. அறிவியல் மாறவில்லை.

சிங்கப்பூருக்கு மாட்டு வண்டி புதிதல்ல. சைனாடவுனில் உள்ள கிரேத்தா ஆயர் என்ற இடப்பெயருக்கு மலாய் மொழியில் ‘தண்ணீர் வண்டி’ என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகள் அங்கே தண்ணீர் சுமந்தன. லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இருக்கின்றன. ‘கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமை. அந்த வட்டாரத்தில் நடந்த கால்நடை வியாபாரத்தை அந்தப் பெயர்கள் இன்னும் நினைவூட்டுகின்றன. அச்சுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கண்ணால் அளந்து பாரம் ஏற்றிய வண்டிக்காரர்கள் நடமாடிய ஊர் இது.

பாரம் அச்சுக்குப் பின்னால் அதிகமானால் அது பின்பாரம். ஏர்க்கால் மேலே எழும்பும். மாட்டின் கழுத்தைச் சுற்றியுள்ள பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். முன்னால் மிக அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால்தான் நுகத்தடி அளவாக அழுந்தும். வண்டியும் அடங்கி வரும்.

ஒரு கணக்கு

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் பொருளின் எடை சுமார் 10 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் புல்வெட்டும் டிராக்டரின் நிறை 300 கிலோ. எடை 3,000 நியூட்டன். வெறும் டிரெய்லர் 200 கிலோ. எடை 2,000 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 5,000 நியூட்டன். அச்சிலிருந்து குமிழுக்கு 2.5 மீட்டர் தூரம். வெறும் டிரெய்லரே குமிழை 140 நியூட்டன் விசையோடு கீழே அழுத்துகிறது என்று கொள்வோம்.

முதல் நிலை: டிராக்டரின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அச்சைச் சுற்றிய திருப்புத்திறன் 3,000 × 0.3 = 900 நியூட்டன் மீட்டர். இதை 2.5ஆல் வகுத்தால், டிராக்டரால் குமிழில் விழும் விசை 360 நியூட்டன். டிரெய்லரின் 140ஐயும் கூட்டினால் 500 நியூட்டன். அதாவது மொத்த எடையில் சரியாக 10 விழுக்காடு.

இரண்டாம் நிலை: அதே டிராக்டர், அதே டிரெய்லர். ஈர்ப்பு மையம் மட்டும் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால். இப்போது டிராக்டர் குமிழை 360 நியூட்டன் விசையோடு மேலே தூக்கும். டிரெய்லர் 140 நியூட்டன் கீழே அழுத்தும். மீதம் 220 நியூட்டன், மேல்நோக்கி. நுகத்தடி தூக்கிவிட்டது!

எடை ஒரு கிராம்கூட மாறவில்லை. இடம் 60 சென்டிமீட்டர் மாறியது. அழுத்த வேண்டிய இடத்தில் தூக்குகிறது. வட அமெரிக்காவில் இத்தகைய டிரெய்லர்களின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு குமிழில் விழ வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டி. பிரிட்டனில் கேரவன் வண்டிகளுக்கு 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள். அளவு ஊருக்கு ஊர் வேறுபடலாம். ஆனால் அது எப்போதும் கீழ்நோக்கிய விசையாகவே இருக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

வால் ஆடினால்

பின்பாரத்தால் என்ன ஆபத்து? குமிழ் மேலே தூக்கப்படும்போது இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் சாலையை அழுத்துவது குறையும். அழுத்தம் குறைந்தால் பிடிமானமும் குறையும். அடுத்து, பக்கக் காற்றோ பள்ளமோ டிரெய்லரின் பின்பக்கத்தை வலப்புறம் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமெல்லாம் பின்னால் இருந்தால் அந்த வால் எளிதில் நிற்காது. அச்சைச் சுற்றி டிரெய்லர் திரும்ப, அதன் முன்முனை இழுக்கும் வண்டியின் பின்பக்கத்தை இடப்புறம் தள்ளும். பிறகு எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பும். டிரெய்லர் மீன் வாலைப் போல ஆடத் தொடங்கும்.

மெதுவாகப் போகும்போது இந்த ஆட்டம் தானாக அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்குவது குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கடைசியில் வண்டி குடை சாயும். பாரம் முன்னால் இருந்தால் அந்த ஆபத்தான வேகம் மிக உயரத்தில் இருக்கும். பின்னால் இருந்தால் அன்றாடம் ஓட்டும் வேகத்திலேயே அது வந்துவிடலாம். அப்படி ஆடத் தொடங்கினால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பக் கூடாது. பிரேக்கைத் திடீரென்று மிதிக்கவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, வேகம் குறைய விட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். எல்லாப் புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் கனம் ஒரே இடத்தில் இல்லை. தோட்ட டிராக்டர்களில் பெரும்பாலும் எஞ்சின் முன்பக்கம் இருக்கும். நின்ற இடத்திலேயே சுழலக்கூடிய வகையில் எஞ்சின் பின்பக்கம் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி ஏற்றினால் ஒன்று முன்பாரம், மற்றொன்று பின்பாரம். ஆகவே ‘டிரெய்லரின் நடுவில் நிறுத்தினேன்’ என்பது போதாது. கனம் எந்தப் பக்கம் என்று தெரிந்து நிறுத்த வேண்டும்.

மேடு ஏறும்போதும் கவனம் தேவை. புக்கிட் பாஞ்சாங் என்றால் ‘நீண்ட குன்று’. பெயருக்கு ஏற்ற மேடு பள்ளம் நம் வட்டாரத்தில் உண்டு. பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சைவிட 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் அது சுமார் 7 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்ததற்குச் சமம். நாம் வைத்த 30 சென்டிமீட்டர், 23 ஆகிவிடும். மேடு ஏறும்போது மாட்டு வண்டிக்காரர் “கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க” என்று சொன்னதன் காரணம் இதுதான்.

ஏற்றும்போது கவிழாமல்

விபத்து சாலையில்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். ஏற்றும்போதே நடக்கலாம். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்றால், 2 மீட்டர் நீளச் சாய்பலகை சுமார் 14 பாகை சாய்வில் இருக்கும். லாரித் தளம் 1 மீட்டர் உயரம் என்றால் அதே பலகை 30 பாகை சாய்வில் நிற்கும்.

டிராக்டரின் ஈர்ப்பு மையம் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்திலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னாலும், 50 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்கிறது என்று கொள்வோம். முன்பக்கமாக ஏறும்போது சாய்வு 39 பாகையை எட்டினால், அசையாமல் நின்றாலே அது பின்னால் கவிழும். 30 பாகை என்றால் 9 பாகைதான் மீதம் இருக்கிறது. அப்போது ஓட்டுநர் திடீரென்று வேகத்தைக் கூட்டினால், விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வீதம் வேகம் கூடினாலே போதும், முன்சக்கரங்கள் எழும்பும். ஓட்டுநரும் பின்சக்கரங்களுக்கு மேலேதான் அமர்ந்திருக்கிறார். அவர் எடையும் பின்னால் இழுக்கும்.

இதற்குத் தீர்வு நீளமான பலகை, தாழ்வான தளம், மெதுவான ஏற்றம். எஞ்சின் பின்னால் உள்ள சில இயந்திரங்களின் கையேடுகள், சாய்பலகையில் பின்னோக்கி ஏறச் சொல்கின்றன. அப்போது கனமான பக்கம் மேட்டை நோக்கி இருக்கும், கவிழாது. அதோடு, ஏறி முடித்ததும் எஞ்சின் டிரெய்லரின் முன்பக்கம் வந்துவிடும். ஒரே செயலில் இரண்டு நன்மை.

பலகையை டிரெய்லரோடு கொக்கி போட்டுப் பிணைக்க வேண்டும். சக்கரம் மேலே ஏறும்போது பலகையைப் பின்னால் உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! பிணைக்காத பலகை நழுவி விழும். டிரெய்லரைக் குமிழில் மாட்டிப் பூட்டிய பிறகே ஏற்ற வேண்டும். இயந்திரம் தளத்தின் பின்விளிம்பில் இருக்கும் அந்தச் சில விநாடிகளில் பாரமெல்லாம் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மாட்டாத டிரெய்லர் சீசா பலகை போல முன்பக்கம் எழும்பிவிடும்.

இயந்திரத்துக்கு பிரேக் தெரியாது

ஏற்றியாகிவிட்டது. இனிக் கட்ட வேண்டும். ‘300 கிலோ, தானாக எங்கே போகப்போகிறது?’ என்று நினைப்பது பலர் செய்யும் தவறு.

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 16.7 மீட்டரில் போகிறது. முன்னால் யாரோ குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். வேகம் விநாடிக்கு 8 மீட்டர் வீதம் குறைந்து, சுமார் 2 விநாடிகளில் வண்டி நிற்கிறது. பிரேக் பிடித்தது வண்டியின் சக்கரங்களை. மேலே நிற்கும் இயந்திரம் நிலைமத்தால் அதே வேகத்தில் போகப் பார்க்கும்.

அதையும் சேர்த்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டும்? 300 × 8 = 2,400 நியூட்டன். மழையில் நனைந்த இரும்புத் தளத்தில் உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், உராய்வு தருவது 900 நியூட்டன் மட்டுமே. அதுவும் இயந்திரத்தின் சக்கரங்கள் பிரேக்கால் பூட்டப்பட்டு உருளாமல் இருந்தால்தான். மீதி 1,500 நியூட்டனை யார் தருவது? கட்டிய பெல்ட்தான் தர வேண்டும்.

கட்டவில்லை என்றால்? முன்னால் ஒரு மீட்டர் இடம் காலியாக இருந்தால், இயந்திரம் அதைச் சுமார் 0.6 விநாடியில் கடந்து, தளத்தைப் பொறுத்து விநாடிக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் முன்பக்கத் தடுப்பில் மோதும். அந்த மோதலின் ஆற்றல் சுமார் 1,500 ஜூல். 300 கிலோ இயந்திரத்தை அரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம்.

இதை லாரித் தளத்தில் நடப்பதாக நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு மீட்டர் இடத்தில் ஓர் ஊழியர் உட்கார்ந்திருந்தால்? நம் புல்லை வெட்டுபவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்காக ஊரில் ஒரு வீடு காத்திருக்கிறது. ஆட்களும் கட்டாத இயந்திரமும் ஒரே தளத்தில் போகக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஐரோப்பாவில் சரக்கைக் கட்டுவதற்கான தரநிலை, சாலையில் செல்லும் பாரம் முன்பக்கம் அதன் எடையில் 80 விழுக்காடு விசைக்கும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 விழுக்காடு விசைக்கும் தாங்க வேண்டும் என்கிறது. நம் இயந்திரத்துக்கு முன்பக்கம் 2,400 நியூட்டன், மற்றப் பக்கங்களில் 1,500 நியூட்டன்.

அதனால்தான் ஒரு பெல்ட் போதாது, நான்கு மூலைகளுக்கும் நான்கு வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பின்பக்க இரண்டு பெல்ட்டுகள் வேலை செய்யும். ஈரத்தளத்தின் உராய்வை நம்பாமல் 2,400 நியூட்டனையும் அவையே தாங்கட்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1,200. பெல்ட் தளத்தோடு 45 பாகையில் சாய்ந்திருப்பதால், அதன் இழுவிசையில் சுமார் 0.7 பங்குதான் கிடைமட்டமாகப் பயன்படும். எனவே ஒவ்வொரு பெல்ட்டிலும் சுமார் 1,700 நியூட்டன் இழுவிசை வரும். ராட்செட் பெல்ட்டின் அட்டையில் அது தாங்கும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். பழைய நைலான் கயிற்றில் எந்த அட்டையும் இல்லை. அது நீளும், முடிச்சு தளரும். ஓரம் கிழிந்த பெல்ட்டும் ஆகாது.

பெல்ட்டை இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். இருக்கையிலோ, பிளாஸ்டிக் மூடியிலோ, ஸ்டீயரிங் தண்டிலோ மாட்டக் கூடாது. எஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, வெட்டும் பகுதியைத் தாழ்த்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும் வைக்கலாம். சிறிது தூரம் ஓட்டிய பிறகு ஓரமாக நிறுத்தி ஒருமுறை பார்க்க வேண்டும். குலுங்கலில் பாரம் படிந்து பெல்ட் தளர்ந்திருக்கும். டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் தண்டுக்குக் கீழே குறுக்காக மாட்டினால், குமிழ் கழன்றாலும் தண்டு சாலையில் குத்தாமல் சங்கிலிகள் ஏந்திக்கொள்ளும்.

செய்து பாருங்கள்

1. ஓர் அளவுகோலின் நடுவுக்குக் கீழே பென்சிலை வைத்து அச்சாக்குங்கள். ஒரு முனையை விரலால் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் குமிழ். ஓர் அழிப்பானைப் பென்சிலுக்கு முன்னும் பின்னும் நகர்த்தி, விரல் உணர்வதைக் கவனியுங்கள். கீழே அழுத்துவது எப்போது தூக்குவதாக மாறுகிறது?

2. ஓர் அழிப்பானைத் தடித்த புத்தகத்தின் மேல் வைத்துப் புத்தகத்தை மெல்லச் சாயுங்கள். அது நழுவத் தொடங்கும்போது புத்தகத்தின் உயரத்தையும் அடித்தள நீளத்தையும் அளந்து, உயரத்தை நீளத்தால் வகுங்கள். அதுவே உராய்வுக் கெழு. பிறகு வழவழப்பான அட்டையின் மேல் சில துளி நீர் தெளித்து மீண்டும் செய்யுங்கள். எண் எப்படி மாறுகிறது?

3. ஒரு கணக்கு. டிராக்டர் 250 கிலோ, டிரெய்லர் 150 கிலோ. அச்சிலிருந்து குமிழுக்கு 2 மீட்டர். வெறும் டிரெய்லர் குமிழை 80 நியூட்டன் விசையோடு அழுத்துகிறது. மொத்த எடையில் 12 விழுக்காடு குமிழில் விழ வேண்டுமென்றால், டிராக்டரின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்க வேண்டும்? விடையைக் கடைசி வரியில் சரிபாருங்கள்.

அன்று அந்த இளைஞர் இயந்திரத்தை ஓர் அடி முன்னால் நகர்த்தினார். மூத்தவர் நான்கு பெல்ட்டுகளையும் இறுக்கி, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்தார். பிறகுதான் வண்டி புறப்பட்டது. அவர் திருப்புத்திறன் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சரியாகச் செய்தார். நீங்கள் அந்தச் சொல்லையும் கணக்கையும் அறிந்தவர்கள். அடுத்த முறை உங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு புல்வெட்டும் இயந்திரம் ஏற்றப்படுவதைப் பார்த்தால், பாதுகாப்பான தூரத்தில் நின்று கவனியுங்கள். அச்சு எங்கே, கனம் எங்கே, பெல்ட் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நாளை நீங்களே பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ அந்த வேலைக்குப் பொறுப்பேற்கலாம். அப்போது “பின்பாரமா இருக்கு, முன்னால ஏத்துங்க” என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

விடை: 32 சென்டிமீட்டர்.